வெள்ளைப் புலியின் மாறுகண்: உரிமையாளர் அறிய வேண்டியவை

பூனைக் குடும்பத்தைப் பீடிக்கும் அபூர்வ நோய்களில் அரசு செலவில் பேணப்படுவது வெண்மை. டெல்லியில் புரானா கிலாவை ஒட்டிய மிருகக்காட்சி சாலையில் டிக்கெட் வாங்கி இதைப் பார்க்கலாம்.

வரலாறு: 1951இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயரிட்டு கோவிந்தகர் அரண்மனையில் வளர்த்தார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்ததில் வெள்ளைக் குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை. சொத்து வெளியே போகாமல் சொந்தத்தில் பெண்ணெடுப்பது நமக்கும் வழக்கம்தான். ஆனால் நாம் அக்காள் மகளோடு நிறுத்திக்கொண்டோம். மோகனுக்கு அதன் மகள் ராதாவையே முடித்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் மோகினி 1960இல் அமெரிக்கா போய், வெள்ளை மாளிகையில் ஐசனோவருக்குக் காட்டப்பட்டது. ராஜாவும் ராணியும் டெல்லிக்கு வந்தன. உடன்பிறப்புகள் என்பது சம்பந்தத்துக்குத் தடையாகப் படவில்லை.

காரணம்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்கு மரபணு வந்து சேர வேண்டும். ஒரு புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் வந்த நிறம் இது என்று 2013இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

அறிகுறி: மாறுகண். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளில் சில, தம் பக்கத்திலேயே போகாமல் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன; கன்னாட் பிளேஸ் வட்டத்தில் புதிதாக வண்டி ஓட்டுபவர் தவறான சாலையில் இறங்குவதுபோல. சயாமியப் பூனைக்கும் இதே கோளாறு உண்டு. மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். யாருக்கு என்று சொல்வதில்லை. வளைந்த முதுகெலும்பு, பிளந்த அண்ணம், குட்டியிலேயே சாவு ஆகியவை நிறத்தின் விலையல்ல, உறவுக்குள் முடித்ததன் விலை.

பரவும் விதம்: உரிமையாளரிடமிருந்து உரிமையாளருக்கு. அரண்மனையில் தொடங்கி மிருகக்காட்சி சாலைக்குத் தொற்றும். டெல்லியிலிருந்து ஒரு ஜோடி நம் வண்டலூருக்கும் வந்தது. இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை மோகனின் வம்சம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தொற்று உச்சம் அடையும்.

சிகிச்சை: செலவில்லை. சம்பந்தம் பேசுவதை நிறுத்தினால் போதும். அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்களுக்கு இந்த இனப்பெருக்கத்தைத் தடை செய்தது.

பின்குறிப்பு: காட்டில் கடைசியாக அறியப்பட்ட வெள்ளைப் புலி சுட்டுக் கொல்லப்பட்டது. அந்த நான்கு குட்டிகள் பிறந்த அதே 1958இல்.