சாக்லேட்டில் கணக்கு எங்கே?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி முளைத்த சர்வதேசப் பள்ளிகளின் பெற்றோர் அறிமுகக் கூட்டங்களில், மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் சர்வதேச அப்பா. அலுவலக அடையாள அட்டை கழுத்திலிருந்து இறங்கியிருக்காது. திரையில் வரும் ஒவ்வொரு ஸ்லைடையும் போட்டோ எடுப்பார். ஒன்றையும் பிறகு திறந்து பார்க்க மாட்டார். “எங்களிடம் பாடப்புத்தகம் கிடையாது, கருப்பொருள்தான்” என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் சொல்லும்போது ஊரோடு ஒத்துத் தலையாட்டுவார். “அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் குழந்தையின் பாடம் சாக்லேட்” என்றதும் அந்த ஆட்டம் நின்றுவிடும். கேள்வி நேரம் வந்தால் முதலில் உயரும் கை அவருடையது. “ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா சாக்லேட்ல கணக்கு எங்க வரும்?”

அரங்கில் சிரிப்பு எழும். மேடமும் புன்னகையோடு, “எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது சார்” என்பார். உண்மையான பதில் இதைவிட எளிமையானது. இப்பள்ளிகளில் சில பின்பற்றும் இண்டர்நேஷனல் பிரைமரி கரிக்குலம், சுருக்கமாக ஐ.பி.சி., கணக்கையும் மொழியையும் பெரும்பாலும் தனியாக நடத்த விட்டுவிடுகிறது. சாக்லேட்டுக்குள் வருபவை வரலாறு, புவியியல், அறிவியல், கலை ஆகியவை. கோகோ எங்கே விளைகிறது, மாயா மக்கள் அதை எப்படிக் குடித்தார்கள், வெயிலில் வைத்தால் ஏன் உருகுகிறது, விற்ற காசில் விவசாயி கைக்கு எவ்வளவு போகிறது என்று பாடம் விரியும். 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைக்கு இது மட்டமான பாடம் என்று யாரும் சொல்ல முடியாது. “கணக்குக்குத் தனி பீரியட் இருக்கு சார்” என்று மேடம் ஒரே வரியில் முடித்திருந்தால் அப்பா ஆறுதலாக உட்கார்ந்திருப்பார். அது வராததால், உட்காரும்போதே அபாகஸ் வகுப்புக்கு வாட்ஸப்பில் விசாரித்துவிடுகிறார்.

லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டு, அந்தக் கல்வியிடமிருந்தே பிள்ளையைக் காப்பாற்ற மாலையில் ட்யூஷனும் வைக்கிற இவரைக் குழம்பிய மனிதர் என்று கேலி செய்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காசு கொடுத்தது பாடமுறை வந்த ஊருக்கு. பாடமுறை கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. முறைதான் வேண்டுமென்றால் உள்ளூரிலேயே மலிவாகக் கிடைத்தது. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வகுத்த தொடக்கப் பள்ளிச் சூழ்நிலையியல் பாடத்திட்டம் குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்யும் பொருள்கள் என ஆறு கருப்பொருள்களில் நின்றது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.பி. (இண்டர்நேஷனல் பாக்கலாரியேட்) அமைப்பு 1997இல் தொடங்கிய தொடக்கப் பள்ளித் திட்டத்திலும் கருப்பொருள்கள் ஆறுதான். உட்கார்ந்து கேட்பதை விட்டுச் செய்து கற்பதற்கு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இலேயே செயல்வழிக் கற்றல் வந்தது. பாயில் உட்கார்ந்து, அட்டை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படியில் ஏறிய அந்தப் பிள்ளைகளைப் பார்த்து “படிப்பே இல்ல, விளையாட்டுதான்” என்று உச்சுக்கொட்டியவர்களில் இவருடைய உறவினர்களும் இருப்பார்கள். அதே விளையாட்டு நான்கு இலக்கக் கட்டணத்தைத் தாண்டி, ஆறு இலக்கத்தைத் தொட்டதும் கல்வியாகிவிட்டது.

அவர் காசு கொடுத்தது முறைக்கு அல்ல என்பது ஐ.பி.சி. பிறந்த கதையைப் பார்த்தாலும் விளங்கும். ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளை ஒட்டி உருவாகி, 2000இல் வெளிவந்த பாடத்திட்டம் அது. அப்பாவுக்கு நைஜீரியாவிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றல் வந்தாலும் பிள்ளையின் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்ற நியாயமான கவலை அதன் பின்னால் இருந்தது. நம் சர்வதேச அப்பா இதுவரை கண்ட பெரிய மாற்றல் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு.

இவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் கற்கலாம் என்று யாராவது வந்தால் தமிழ்நாட்டுப் பெற்றோர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பதற்கு வரலாறு உண்டு. கைத்தொழிலைச் சுற்றிப் பாடங்களைக் கோத்த காந்தியின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தாவில் பேசப்பட்டது. அது ஒரு கருப்பொருள் கல்விதான். ஆனால் 1953இல் ராஜாஜி அரசு அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று திட்டம் போட்டபோது, அது குலக்கல்வி என்ற பெயரோடு பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, மறு ஆண்டே காமராஜரால் கைவிடப்பட்டது. எழுத்தும் கணக்கும் மதிப்பெண்ணும்தான் தன் குடும்பத்தை மேலே தூக்கிவிட்டன என்பதை அறிந்தவருக்கு, ‘மதிப்பெண் முக்கியமில்லை’ என்ற வாசகம் வசதியாக இருப்பவர்களின் பேச்சாகத்தான் கேட்கும். தவிர, இரண்டாம் வகுப்பில் சாக்லேட் படித்தவனும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நீட் வாசலில்தான் வரிசையில் நிற்கப்போகிறான் என்றால், அதுவும் சரிதான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஏழு வயதில் ஒலிம்பியாட் எந்த மருந்தும் அல்ல. நீட்டுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. பிள்ளை அதற்குள் டாக்டராக வேண்டாம் என்றுகூட முடிவு செய்யலாம். (இந்த வாய்ப்பை எந்த ஸ்லைடும் காட்டுவதில்லை.)

அவருடைய சந்தேகத்துக்குச் சீமையிலேயே துணை இருக்கிறது. இங்கிலாந்தில் 1967இல் வந்த பிளவ்டன் அறிக்கைக்குப் பிறகு, தலைப்பைச் சுற்றிப் பாடம் நடத்துவது தொடக்கப் பள்ளிகளில் பெருமளவில் பரவியது. 1992இல் ராபின் அலெக்ஸாண்டர், ஜிம் ரோஸ், கிறிஸ் வுட்ஹெட் மூவரும் அரசுக்குத் தந்த அறிக்கை, அப்படி நடந்த பாடங்களில் பல துண்டு துண்டாகவும் மேலோட்டமாகவும் போய்விட்டதைக் கண்டித்தது. சாக்லேட் உறையை வெட்டி ஒட்டி, மாயா தலைப்பாகை செய்து போட்டோ எடுத்துக்கொண்டால் வரலாறு வந்துவிடாது. ஆக, கருப்பொருள் கல்வியில் கேட்கத்தக்க கேள்வி, மூன்றாவது வாரத்தில் வகுப்பறையில் என்ன நடக்கும், பிள்ளை எதைப் புதிதாக அறிந்திருக்கும், அதை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வார் என்பது. அப்பாவின் கணக்குக் கேள்வி உண்மையில் இதன் கரடுமுரடான வடிவம். அதைத் தொடர்ந்து கேட்காமல், பிள்ளையின் ஐ.பி.சி. மதிப்பீட்டு அறிக்கையில் திறன்களுக்கு எதிரே தொடக்கம், வளர்ச்சி, தேர்ச்சி என்று மூன்று நிலை மட்டும் இருப்பதைப் பார்த்து, “தேர்ச்சின்னா எத்தனை பர்சென்ட் மேடம்? கிளாஸ்ல எத்தனை பேருக்கு அது வந்துச்சு?” என்று தடம் மாறிவிடுவதுதான் அவரிடம் உள்ள குறை.

சர்வதேசப் பார்வை விஷயத்தில் மட்டும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. குழந்தை முதலில் தன்னையும் தன் ஊரையும் அறிந்து, அங்கிருந்து வெளியே விரிய வேண்டும் என்பதே இந்தப் பாடத்திட்டங்கள் சொல்லும் கொள்கை. ஐ.பி. பள்ளிகள் தாய்மொழியைப் போற்றும் மொழிக்கொள்கை வைத்திருக்க வேண்டும். மேடம் அதையும் சொல்வார். அந்த ஸ்லைடும் போட்டோவில் இருக்கும். வீட்டில் பாட்டி “கண்ணு, இன்னிக்கு என்ன பாடம்?” என்று கேட்டால், “அம்மா, அவன்கிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க” என்பவரும் அவரே. சாக்லேட் யூனிட்டுக்காக, கோகோவைப் பற்றித் தெரிந்த பெற்றோர், உறவினர் யாராவது வந்து பேசலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வரும். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர். ஆனைமலையில் பெரியப்பாவே போட்டிருக்கிறார்; காயை வெட்டி, கொட்டையைப் புளிக்க வைத்து, காயப்போட்டு விற்பவர். சர்வதேச அப்பா அந்தக் கடிதத்தைப் போன வருடம் சுவிட்சர்லாந்து சுற்றுலா போய்வந்த சக ஊழியருக்கு அனுப்பி வைக்கிறார்.