பேட்டரி விளக்கின் தோற்றமும் மறைவும்: ஓர் அளவையியல் ஆய்வு

உண்மையை அறிய நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று வழிகளைச் சொன்னார்கள். இவற்றில் இரண்டுக்குத் தண்ணி காட்டும் பொருள் ஒன்று கார் டேஷ்போர்டில் உண்டு. சிறு பெட்டிக்குள் கூட்டலும் கழித்தலுமாகச் சிவந்து, உற்றுப் பார்ப்பதற்குள் அணைந்துவிடும் பேட்டரி விளக்கே அது. ஓட்டுகிறவர் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதற்குள் காணோம். ஆகவே காண்டல் போயிற்று. பட்டறைக்குப் போனால் மெக்கானிக் முன்னிலையில் அது எரிந்ததாக வரலாறே இல்லை. "எரிஞ்சுதுண்ணே, இப்பதான் அணைஞ்சிருச்சு" என்ற வாக்குமூலத்துக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும். ஆகவே உரையும் போயிற்று. மிஞ்சுவது கருதல்.

இப்பொருள் குறித்து நான்கு சமயங்கள் நிலவுகின்றன. முதலாவது பேட்டரிவாதம். படத்தில் இருப்பது பேட்டரி, ஆகவே குற்றவாளியும் பேட்டரி என்பது இவர்கள் துணிபு. இந்த நியாயப்படி, ஆயில் விளக்கு எரிந்தால் அலாவுதீனைத் தேடிப் போகவேண்டும். இரண்டாவது டைனமோவாதம். ஆல்டர்னேட்டரைப் பட்டறையில் இன்றும் டைனமோ என்றே அழைக்கும் இவர்கள், அதை மொத்தமாகக் கழற்றி மாற்றுவதே முத்தி என்பர். மூன்றாவது லூஸ்காண்டாக்ட்வாதம், எதையும் விளக்கவல்லது, ஆனால் எந்த வயர் என்று கேட்டால் மௌனம் சாதிக்கும். நான்காவது தானேசரிவாதம். ஆசீவகரின் நியதிக் கொள்கைக்கு மிக நெருக்கமானது: எரிவது எரியும், அணைவது அணையும், இடையில் நாம் யார்? செலவில்லாத சமயம் என்பதால் அடியார் கூட்டம் இங்கேதான் அதிகம்.

இனிச் சித்தாந்தம். பழைய பாணி வயரிங்கில் இவ்விளக்குக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் சாவி வழியாகப் பேட்டரி, மறுபக்கம் ஆல்டர்னேட்டர். சாவியைத் திருப்பி, எஞ்சின் ஓடாதிருக்கையில், பேட்டரிப் பக்கம் மட்டுமே வோல்ட் இருப்பதால் கரண்ட் விளக்கு வழியாகப் பாய்கிறது, விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டரும் அதே அளவு வோல்ட் கொடுத்ததும், சம்பந்திகள் இருவரும் சமபலமாக அமைந்த கல்யாண வீடுபோல எந்தப் பக்கமும் பாய வழியில்லாமல் அமைதியாகிவிடுகிறது. ஆக, விளக்கு பேட்டரியைக் குறை சொல்லவே இல்லை. மறுபக்கத்திலிருந்து வரவேண்டியது வரவில்லை என்கிறது, அவ்வளவுதான். புதிய கார்களில் இந்தக் கணக்கைக் கணினி பார்க்கிறது, புகார் அதேதான்.

அப்படியானால் விட்டுவிட்டு எரிவது ஏன்? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது இங்கே கைகொடுக்கிறது. தேங்கிய மழைநீரில் இறங்கியதும் கீச்சென்ற சத்தத்தோடு எரிந்தால், நனைந்த பெல்ட் வழுக்குகிறது. பள்ளத்தில் விழும்போது மட்டும் எரிந்தால் மூன்றாம் சமயத்தாருக்கு வெற்றி. கனெக்டரையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். சிக்னலில் ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓட எரிந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அணைந்தால் சந்தேகம் பெல்ட்டோடு கார்பன் பிரஷ்ஷின் மேலும் விழும்.

இந்தப் பிரஷ் தனி ஆய்வேட்டுக்கு உரியது. விரல்நுனியில் அடங்கும் கரித்துண்டு. பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ள, சுழலும் செப்பு வளையத்தை உரசிக்கொண்டே உள்ளிருக்கும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கிறது; சுருள் காந்தமாகிறது. தேய்ந்து குட்டையானால் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து, அதிர்வில் ஒரு நொடி வளையத்தை விட்டு விலகும். அந்த நொடியில் காந்தம் இல்லை. காந்தம் மாறாமல் மின்சாரம் பிறக்காது என்பதை ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். அடுத்த நொடி மீண்டும் ஒட்டிக்கொள்ளும், நாம் பக்கத்து சீட்டுக்காரரிடம் அசடு வழிவோம். ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறவரிடம், பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பதில் தவறில்லை; முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கருதலுக்குத் துணை மல்டிமீட்டர். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை. விளக்கு எரிகிறபோது பன்னிரண்டு பக்கம் இறங்கினால் மெய்யாகவே சார்ஜ் ஏறவில்லை. எரிந்தும் மீட்டர் 14 என்றே நின்றால், விளக்குக்குப் போகும் மெல்லிய வயர்தான் பொய்ச்சாட்சி. பலரும் பார்க்கத் தவறுவது எர்த். ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம் வரவேண்டும். அரை வோல்ட் வந்தால் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் செலவு டீக்காசுதான்.

ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "எஞ்சின் நின்னா டைனமோ போச்சு" என்று தீர்ப்பெழுதும் பழைய சோதனை ஒன்று உண்டு. அப்போது எகிறும் வோல்ட்டில் டயோடும் கணினியும் போய்விடக்கூடும் என்பதால், நோயைக் கண்டுபிடிக்க நோயாளியைக் கொல்லும் இம்முறையை இவ்வாய்வு ஏற்கவில்லை.

எல்லாம் முடித்த பின் தானேசரிவாதிகள் ஒரு தடை எழுப்புவர்: "நீங்க தொடாம இருந்திருந்தாலும் அணைஞ்சிருக்குமே?" லேசில் தள்ளக்கூடிய தடையல்ல இது. விட்டுவிட்டு எரிவது எரியாதிருப்பதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. விடை ஒன்றுதான்: எரிந்த அதே நிலத்தையும் பொழுதையும் திரும்ப உண்டாக்கி ஓட்டிப் பார்ப்பது. ஏசி, ஹெட்லைட், வைப்பர் நம் கையில் இருக்கின்றன. மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். பள்ளத்துக்குத் தெருமுனை வரை போனால் போதும்.