வெங்காயம் நேராக வருகிறது, வாத்தியார் சுற்றி வருகிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து போன் வரும். மாலத்தீவில் அப்போது மணி எட்டரை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டைப் பாதி தீர்த்திருப்பார். சட்டைப்பை துடிக்கும். இடைவேளையில் திரும்பக் கூப்பிட்டால் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “ஏய்யா, ஞாயித்துக்கிழமையுமா பள்ளிக்கூடம்?”

வாத்தியார் அங்கே போய் நாலு வருஷம் ஆகிறது. வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்று இதற்குள் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அம்மா சமாதானம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் வைக்கிற ஊர் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்குமா என்பது அவருடைய நியாயமான சந்தேகம்.

சொந்தக்காரர்களின் சந்தேகம் வேறு. மாலத்தீவில் வேலை என்றதும் அவர்கள் கண்முன் வருவது, நீலத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மரவீடு. வாத்தியார் அதில் குடியிருப்பதாகவும், காலையில் படிக்கட்டில் இறங்கி மீனுக்குப் பொரி போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவதாகவும் தெருவில் பேச்சு. “அடுத்த லீவுக்குக் குடும்பத்தோட வர்றோம் மாப்ளே” என்று சொன்னவர்கள் கணக்கில் ஆறு குடும்பம். அவர் இருப்பது பத்துக்குப் பத்து அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

மாலத்தீவு இரண்டு நாடு. சுமார் 1,190 தீவுகளில் உள்ளூர்ச் சனங்கள் வாழ்வது இருநூறுக்கும் குறைவானவற்றில். சொகுசு விடுதிகள் தனித்தனித் தீவுகளில், தனி ராஜ்ஜியமாக. 1972-ல் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விடுதியோடு தொடங்கிய தொழில் இது. 2024-ல் வந்த பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அந்த முதல் விடுதியின் பெயர் குரும்பா. திவேகி மொழியில் இளநீர் என்று பொருள். தென்னங்குரும்பை என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரருக்கு அந்தப் பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு சொந்தம் தெரிந்தது. வாசலுக்குள் சொந்தம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. விடுதிகளில் பல, விருந்தாளிகள் வெயிலைக் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கின்றன. படகுத்துறையில் நின்று பார்த்தால் எதிரே விளக்கு மினுக்கும் தீவில் மணி எட்டு, இவர் நிற்கும் இடத்தில் ஏழு, கோவில்பட்டியில் ஏழரை. நீந்தியே போய்விடலாம் போலத் தெரியும் தூரத்தில் மூன்றாவது நேரம் ஓடுகிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பெயர்களைச் சொல்ல வேண்டும். வகுப்பில் “அய்ஷத்” என்று கூப்பிட்டால் நாலு தலை நிமிரும். “முகமத்” என்றால் பின்வரிசை முழுக்க எழுந்து நிற்கும். முதல் மாதம் இனிஷியலை நம்பினார்; அதுவும் ஒன்றாக இருந்தது. பிறகு பையன்களே தங்களுக்குள் வைத்திருக்கும் பட்டப்பெயர்களைக் கற்றுக்கொண்டார். வருகைப்பதிவேடு ஒரு மொழி, வகுப்பு ஒரு மொழி என்று ஓடுகிறது.

திவேகியும் இஸ்லாமும் தவிரப் பெரும்பாலான பாடங்கள் அங்கே ஆங்கிலத்தில்தான். 1960களில் மாலேயில் ஆங்கிலவழிக் கல்வி தொடங்கியபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்களைத் தருவித்தார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் கேரளத்துக்காரர்கள், அடுத்தபடி தமிழ்நாட்டுக்காரர்கள். ஆசிரியர் அறையில் மலையாளம், தமிழ், திவேகி, ஆங்கிலம் நான்கையும் கலந்து ஒரு பாஷை நடமாடுகிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

திவேகியின் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். கடைசிப் பக்கம் என்று நினைத்து நோட்டில் இவர் திறந்ததுதான் முதல் பக்கம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒரு சங்கதி கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தானாமேல் தனிப் பாசம்: அதன் முதல் ஒன்பது எழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரையான அரபு எண்களிலிருந்து பிறந்தவை. எண்ணையே எழுத்தாக்கிய ஊரில் கணக்கு வராத பிள்ளை எப்படி இருக்க முடியும் என்று வகுப்பில் ஒருநாள் கேட்டார். எப்படி என்பதை அரையாண்டுத் தேர்வில் காட்டினார்கள்.

இனி சாப்பாடு. வாத்தியார் சைவம். மாலத்தீவில் சைவமாக இருப்பது, சிவகாசியில் இருந்துகொண்டு வெடிச்சத்தம் ஆகாது என்பதைப் போன்றது.

போய் இறங்கிய சாயங்காலமே பசியோடு டீக்கடைக்குப் போனார். ‘ஹோட்டா’ என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமாக எண்ணெய்ப் பலகாரம். பெயர் கேட்டார், “பஜியா” என்றார் கடைக்காரர். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பஜ்ஜி கிடைக்கிற ஊரில் பட்டினி கிடையாது. பார்க்கச் சமோசா போல முக்கோணமாக இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. கடித்தார். உள்ளே சூரைமீன். சரி என்று உருண்டையாக, போண்டா ஜாடையில் இருந்ததைக் காட்டினார். அது குல்ஹா, தேங்காயும் சூரைமீனும். அடுத்தது கவாபு, பருப்பு வடை மாதிரி நிறம், சூரைமீன். கடைசியில் “மீன் இல்லாதது எது?” என்று சைகையில் கேட்க, கடைக்காரர் யோசித்து ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிப்பது அவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் தொழில். நம் வீடுகளில் மாசிக்கருவாடு என்கிறோமே, அதற்குப் பேர்போன ஊர் அது. திவேகியில் ‘மஸ்’ என்றாலே மீன். காலைப் பலகாரமான மஸ்ஹுனியில் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் சூரையும் பிசைந்து, ரொட்டியோடு தருகிறார்கள். அதே மீனை வேகவைத்த தெளிந்த நீர் கருதியா. அந்த நீரைக் கெட்டியாகும்வரை காய்ச்சி இறக்கினால் ரிஹாகுரு. பார்வைக்கு அப்படியே புளிக்காய்ச்சல். அசல் புளிக்காய்ச்சல் என்றே நம்பி ஒருமுறை சோற்றில் பிசைந்தும் விட்டார்.

மூன்றாம் மாதம் மனசு தளர்ந்து கருதியா குடிக்க ஆரம்பித்தார். சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டால் காய்ச்சல்கூட இறங்கிவிடுமாம். அம்மா போனில் “என்ன சாப்பிட்டே?” என்றால் “ரசம்” என்பார். பொய் இல்லை, மொழிபெயர்ப்பு என்பது அவர் கட்சி.

காய்கறி படகில் வர வேண்டும். படகு வந்த அன்று தக்காளி, முட்டைகோஸ், கேரட் என்று கடை திருவிழாவாக இருக்கும். மூன்றாம் நாள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிஞ்சும். வெங்காயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. ஒருநாள் கடை வாசலில் கிடந்த காலிச் சாக்கில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தோணியில் ஏறி மாலே வந்த சாக்கு. திவேகியிலும் படகுக்குத் தோனிதான்.

இந்தியா மாலத்தீவுக்கு ஒவ்வொரு ஆண்டும் அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒதுக்கீடு தருகிறது. 1981-ல் போட்ட ஒப்பந்தம். 2024–25க்கான பட்டியல் கையில் கிடைத்ததும் கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? வெங்காயம் 35,749 டன். முட்டை 42 கோடியே 75 லட்சம். பருப்பு 224 டன். நாட்டின் மக்கள்தொகை, 2022 கணக்கெடுப்புப்படி வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து ஏறக்குறைய 5 லட்சத்து 15 ஆயிரம். வகுத்துப் பார்த்தார். தலைக்கு வெங்காயம் 69 கிலோ, முட்டை 830, பருப்பு 435 கிராம். வருஷத்துக்கு! வேறு நாட்டுப் பருப்பும் கடைக்கு வரும், பயணிகளின் வயிற்றையும் கழிக்க வேண்டும், எல்லாம் சரி. இருந்தாலும் 435 கிராம் பருப்பில் சாம்பார் எத்தனை நாள் வைப்பது என்பதை அவர் பத்தாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமாகவே கொடுத்தார். ஒரு பையன் “சாம்பார் என்றால் என்ன சார்?” என்று எழுதிவைத்தான். முழு மதிப்பெண் போட்டார்.

வீட்டுக்காரர் மீன்பிடித் தொழிலை விட்ட கிழவர். இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய ஜோலியில் சாய்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். மே கடைசியில் ஒருநாள் வானத்தைக் காட்டி “ரோஅனு” என்றார். மழை என்று சொல்கிறார்போல என்று வாத்தியார் குடை எடுத்தார். அடுத்த பதினைந்து நாளில் “மியஹெலி” என்றார். அப்புறம் “அதா”. அதற்கடுத்து “ஃபுனோஸ்”, “ஃபுஸ்” என்றபோதுதான் வாத்தியாருக்குப் பொறி தட்டியது. ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம்!

மாலத்தீவு மீனவர்கள் ஆண்டை 27 ‘நகை’யாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பதின்மூன்று பதினான்கு நாள். ஏப்ரலில் அஸ்ஸிதாவில், அதாவது அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடியும். எந்த நகையில் காற்று எந்தப் பக்கம், எதில் மீன் படும், எதில் படகை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் கிழவருக்கு மனப்பாடம். 27 பெயரையும் எழுதிக்கொண்டு வாத்தியார் போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். நாலு வருஷத்தில் அம்மா மாலத்தீவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். “அப்ப மனுசங்கதான் இருக்காக. ராகு காலம் உண்டாய்யா?”

கிழவர் பேச்சைக் கேட்காமல் போனது 2025 ஜூனில். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. இவர் இருக்கும் ஹுவாது தீவுக்கூட்டத்திலிருந்து தெற்கே திறந்த கடலைத் தாண்டினால் ஃபுவமுலா. இடையில் பூமத்திய ரேகை. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து லாஞ்ச் பிடித்தார்கள். “மியஹெலி” என்று கிழவர் தலையை ஆட்டினார். இவர்கள் ஏறிவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் அலை ஆளுயரம். ரேகை நெருங்கியதும் லாஞ்ச் ஓட்டுகிறவர் போனை நீட்டினார். திரையில் பூஜ்யத்துக்குப் பின் பூஜ்யமாக வந்துகொண்டிருந்தது. கடலில் கோடும் இல்லை, பலகையும் இல்லை. ஆறு வருஷமாகப் பூமத்திய ரேகையைப் பாடம் நடத்திவந்த கொல்லத்துப் பூகோள வாத்தியார், சரித்திரப் புகழ்பெற்ற அந்த நிமிஷத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அது வடகோளத்தில் விழுந்ததா தென்கோளத்திலா என்பது ஆசிரியர் அறையில் இன்றுவரை தீராத வழக்கு.

ஃபுவமுலா தனி ஒரு தீவு. மாலத்தீவில் அபூர்வமாக இரண்டு நன்னீர் ஏரிகள், மாமரம், ஈரநிலம். உலகம் முழுவதிலுமிருந்து அங்கே வருகிறவர்கள் புலிச்சுறாவோடு நீந்த வருகிறார்கள். வாத்தியார் ஈரநிலத்தில் அகன்ற இலையைப் பார்த்ததும் குனிந்து வேரைப் பார்த்தார். சேப்பங்கிழங்கு. சுறாவை மறந்து இரண்டு கிலோ வாங்கினார். அன்றிரவு தங்கிய வீட்டு அடுக்களையில் அவர் பொரித்த வறுவலுக்குப் பூகோள வாத்தியாரும் எழுந்து வந்துவிட்டார்.

வெளியூர்க்காரர் மாலத்தீவுக்கு வந்து உத்தியோகம் பார்ப்பது புதிதல்ல. மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1343–44-ல் அங்கே காஜியாக இருந்தார். ஊர்ப் பெண்கள் உடுத்தும் விதத்தை மாற்றப் பார்த்து முடியாமல் போனதை எழுதியும் வைத்திருக்கிறார். அங்கிருந்து இலங்கை போய், அடுத்து வந்து சேர்ந்தது மதுரைச் சுல்தானிடம். அந்தக் காலத்துப் பாய்மரத்துக்கு வழி தெரிந்திருக்கிறது.

இந்தக் காலத்து வாத்தியார் மதுரைப் பக்கம் வர இரண்டு பகல் ஒரு ராத்திரி ஆகிறது. தீவிலிருந்து காடெத்தூ விமான நிலையத் தீவுக்குத் தோனி. அங்கிருந்து மாலேக்கு உள்நாட்டு விமானம். இணைப்பு கிடைக்காது, ஹுலுமாலேயில் ஒரு ராத்திரி. மாலேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள். பயணத்தில் சட்டென்று முடிகிற பகுதி அது ஒன்றுதான். பிறகு நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி என்று பஸ். தூத்துக்குடித் தோணியில் வெங்காயத்தோடு ஏறிப் படுத்திருந்தால் நேராக வந்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் புலம்புவார்.

திரும்பும்போது பெட்டி கனம். முதல் வருஷம் அம்மா துணிக்கு நடுவே ஒரு பித்தளைப் பிள்ளையாரைச் சுற்றி வைத்துவிட்டார். அந்த நாட்டுக்குள் விக்கிரகம், மது, பன்றிக்கறி எதுவும் கொண்டுபோகக் கூடாது. நல்லவேளை, கிளம்புவதற்கு முன்பே அகப்பட்டது. பிள்ளையார் வீட்டிலேயே தங்கினார். அதற்குப் பதிலாக அம்மா கடலைமிட்டாய் திணித்தார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அல்லவா? வகுப்பில் பிரித்த பத்தாவது நிமிஷம் காலி. அன்றிலிருந்து அந்தத் தீவுப் பிள்ளைகளுக்குக் கோவில்பட்டி என்பது இந்தியாவின் தலைநகரம்.

இந்த லீவுக்கும் வந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினார். கடலைமிட்டாய், அப்பளம், வற்றல் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எடை மிஞ்சியதால் விமான நிலையத்தில் எடுத்துவைத்தது மூன்று கிலோ துவரம்பருப்பு. அது அம்மாவிடம் இருக்கிறது. மாலே பக்கம் போகிறவர்கள் யாராவது பெட்டியில் இடம் வைத்திருந்தால் கோவில்பட்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் வர வேண்டாம். அம்மா போனில் இருப்பார்.