ஒரு நாள், ஓர் ஆள், ஒரு தீவு

மார்கழி பிறந்தால் ராமேஸ்வரம் பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல், துணைக்கு ஆள் தேடாமல் ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுடையவை. வரவேற்கிறேன்!

கேள்வி: குளிர்காலமாயிற்றே, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவா? (கோவை வாசகர்)

பதில்: ஸ்வெட்டர் வேண்டாம், குடை எடுங்கள். ராமநாதபுரம் சீமைக்கு மழை கொடுப்பதே வடகிழக்குப் பருவமழைதான். டிசம்பர் முடியும்வரை வானத்தை நம்ப முடியாது. பொங்கல் கழிந்தால் மழை ஓயும், வெயிலும் சுடாது. என் ஓட்டு ஜனவரி பிற்பகுதிக்கு. தை அமாவாசை எந்தத் தேதி என்று மட்டும் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். அன்று அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது.

கேள்வி: ரயிலா, பஸ்ஸா? (சென்னை வாசகர்)

பதில்: போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் ஓடுகிறது. அதன் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக மேலே ஏறிவிடும். பழைய பாலத்தில் இதே வேலையை ஆட்கள் கையால் நெம்பித்தான் செய்தார்கள். மதுரையில் இறங்கி, காலையில் கிளம்பும் பாசஞ்சரைப் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் கடலைக் கடக்கலாம். திரும்பும்போது சாலைப் பாலத்தின் உயரத்திலிருந்து ரயில் பாலத்தையும், கீழே கட்டிக்கிடக்கும் படகுகளையும் பார்த்துக்கொண்டே வரலாம்.

கேள்வி: கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவகம், ராமநாதபுரம் அரண்மனை. ஒரே நாளில் நான்கும் முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: மூன்று முடியும். கோயிலில் பகல் ஒரு மணிக்கு நடை சாத்தி மூன்றுக்குத் திறப்பார்கள். தனுஷ்கோடியில் இருட்டும் முன்பே போலீசார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, காலையில் கோயில், மதியம் தனுஷ்கோடி, ஊர் திரும்பும் வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவகம். நேரம் தட்டினால் நினைவகத்தைக் கோயிலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையை இதில் திணிக்காதீர்கள். அங்குள்ள ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் சேதுபதி மன்னரின் போர், தஞ்சை மராட்டியர், ஐரோப்பிய வணிகர், ராமாயணம் என்று 18-ஆம் நூற்றாண்டே வண்ணத்தில் நிற்கிறது. அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: நான் பெண். தனியாகப் போகலாமா? வீட்டில் தயங்குகிறார்கள். (கரூர் வாசகி)

பதில்: தாராளமாகப் போங்கள். நாள் முழுக்க யாத்ரீகர் நடமாட்டம் உள்ள ஊர் அது. தனுஷ்கோடிக்கு ஆட்டோ பேசித்தான் ஆகவேண்டும் என்றில்லை, அரிச்சல்முனை வரை அரசு பஸ்ஸே போகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா சிக்கியது. கடையோடு ஒட்டிய அறைகளைத் தவிர்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் உடனே போலீசிடம் சொல்லுங்கள். அன்று புகார் கொடுத்த ஒரு பெண்ணால்தான் அது வெளியே வந்தது.

கேள்வி: தனி ஆள் 22 தீர்த்தம் ஆடினால் பையையும் போனையும் யார் பார்த்துக்கொள்வது? (திருச்சி வாசகர்)

பதில்: போனுக்குக் கோயிலுக்குள் அனுமதியே இல்லை. பையோடு சேர்த்துப் பொருள் காப்பகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு உள்ளே இருக்கும் 22. கிணற்றுக் கட்டையில் ஏறி நிற்பவர் வாளியை விட்டு இழுத்து ஒரே வீச்சில் தலையில் கொட்டுவார். கல் தரை வழுக்கும், ஓடாதீர்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கிணற்று நீரில் உப்பு கரிக்காது. கிணற்றுக்குக் கிணறு ருசி மாறும். ஈரத் துணியோடு மூலவர் சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுடை கட்டாயம்.

கேள்வி: சாமி கும்பிடும் பழக்கம் இல்லை. கோயிலில் எனக்கு என்ன இருக்கிறது? (ஈரோடு வாசகர்)

பதில்: மூன்றாம் பிரகாரம் இருக்கிறது. 1,212 தூண்கள். மணலும் பவளப்பாறையுமான இந்தத் தீவில் சிற்பம் செதுக்கும் கருங்கல் கிடையாது. அத்தனையும் அக்கரையிலிருந்து கடல் கடந்து வந்தவை. சேதுபதிகள் காலத்துத் தொழிலாளிகளின் தோள்வலிமையை நினைத்துக்கொண்டு ஒரு சுற்று நடங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி "பேய் நகரம்" என்கிறார்களே, தனியாகப் போக பயமாக இருக்காதா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மரியாதை செய்ய நிறைய இருக்கிறது.

சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய்க் கொழும்பு சேர்ந்த காலம் ஒன்று உண்டு. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோயில் என்று ஜேஜே என்றிருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலும் அலையில் போனது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது.

ஆனால் மீனவக் குடும்பங்கள் போகவில்லை. ஓலைக் குடிசை போட்டு இன்றும் அங்கேயே தொழில் செய்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கரையிலிருந்து சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டுகிறார்கள். கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும், சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் இது முடிகிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். இந்தக் கணக்கைப் பிடித்துவைத்திருப்பவர்களின் ஊரைப் பேயூர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடிந்த மாதா கோயில் சுவரில் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். அவர்கள் கடையில் ஒரு டீ குடியுங்கள், பேச்சுக் கொடுங்கள். தனியாகப் போகிறவருக்குத்தான் அது வாய்க்கும்.

கேள்வி: அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பெண் கடல், ஒரு பக்கம் ஆண் கடல் என்பது உண்மையா? (மதுரை வாசகி)

பதில்: வடபுறம் அமைதி, அதனால் பெண் கடல். தென்புறம் சீற்றம், அதனால் ஆண் கடல். இது சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிற கதை. வாடைக் காற்று அடிக்கும் மார்கழியில் போனால் வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் மறுபடி மாறும். எந்தப் பக்கமானாலும் நீரோட்டம் இழுக்கும். பாதம் நனையலாம், குளிக்கக் கூடாது.

கேள்வி: குளிர்காலத்துக்கென்று சிறப்பாக ஏதாவது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மூன்று. தனுஷ்கோடி சதுப்பில் பூநாரைகள். 2025-இல் அந்தப் பகுதியையே அரசு பூநாரை சரணாலயமாக அறிவித்தது. இரண்டாவது, ராமநாதபுரம் அருகே உத்தரகோசமங்கை மரகத நடராஜர். ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பவரைத் மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பு களைந்து பார்க்கலாம். மூன்றாவது, அவித்த பனங்கிழங்கு. தையில் கட்டுக்கட்டாக வரும். நார் உரித்து மிளகுப்பொடி தொட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கருப்பட்டி, பனையோலைப் பெட்டி, ராமநாதபுரம் முண்டு மிளகாய். மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பவளத் துண்டு யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், அது வனஉயிரினச் சட்டப்படி குற்றம்.

விட்டுவிட்டு வரக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தீர்த்தமாடிய துணியைக் கடலில் விட்டால் பாவம் தொலையும் என்று பலர் விடுகிறார்கள். மறுநாள் அதைத் துப்புரவுப் பணியாளர்கள்தான் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். அள்ளாதது கடலடிக்குப் போகிறது. அந்தக் கடலில்தான் கடற்பசு புல் மேய்கிறது, பாசி எடுக்கும் பெண்கள் மூழ்கிப் பிழைக்கிறார்கள். உங்கள் ஈரத் துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.