மிதிவழி இலக்கணம்: எளிமையியல்

சிங்கப்பூரில் சைக்கிள் மிதிப்போர் இருவகையர்: சாலையார், பூங்காவார். சாலையார் விடியுமுன் மண்டாய்ப் பக்கம் கூட்டமாகப் பறப்பவர். ஒரு கூட்டத்தின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டலாகாது என்று 2022 சனவரி முதல் சட்டமே அவர்களுக்கு அளவு வகுத்துவிட்டது. ஆதலால் அவர்களுக்கென வேறோர் இலக்கணம் வேண்டா. பூங்காவாருக்கோ சட்டம் வேகத்தைச் சொன்னதே ஒழிய வகையைச் சொல்லவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். ஆசிரியனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இடது முட்டியில் ஒரு பழைய தகராறு. ஆட்டுக்கடாக் கொம்புபோல் வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக் ஒன்று உண்டு. பாயிரம் இவ்வளவே.

எளிய வழி என்பது யாதோ எனின், ஏற்றம் இல்லாத வழி என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. நாட்டின் உச்சியான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஏற்றமின்மையே எளிமை என்றால் தீவு முழுவதும் ஒரே வகையாகிவிடும். அதன்பின் வகைப்படுத்தும் ஆசிரியனுக்குப் பிழைப்பு ஏது? மோட்டார் வண்டி இல்லாத வழி என்பார் மற்றொரு சாரார். இவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஆனால் காரோட்டி மட்டுந்தான் மனிதரை நிறுத்துவான் என்று நம்புகிறார்கள். நாம் கொள்ளும் முடிபு வேறு. எந்தப் பாதையிலும் யாராவது, எதுவாவது நம்மை நிறுத்தவே செய்யும். எனவே நிறுத்துவோரின் வகையே வழியின் வகை.

முதலாவது கடலோர வழி. இங்கே நிறுத்துவது குழந்தை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடலைத் தூர்த்து எடுத்த மண்ணின்மேல் 15 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது, 185 ஹெக்டேர், தேங்காய்ச் சில்லுபோல் வழவழப்பான தளம், சைக்கிளுக்கும் நடைக்கும் தனித்தனித் தடம். இவ்வளவு இருந்தும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே எவரும் நேராக மிதித்ததில்லை. பக்கச் சக்கரம் கழற்றிய முதல் வாரத்திலிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை தான் பார்க்கும் திசையில் போகும். பார்ப்பதோ அம்மாவை, அம்மாவோ பின்னால். இதற்கு முன்னே மணி பயன்படாது. மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளை திரும்பிப் பார்க்கும், சைக்கிளும் கூடவே திரும்பும். பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு தெய்வத்தை நினைப்பதே முறை.

இவ்வழி சாங்கி நோக்கிப் போகையில் ஓர் உட்பிரிவு உண்டு. விமான நிலையத்தையும் கடற்கரைப் பூங்காவையும் இணைக்க 2020இல் திறந்த மூன்றரைக் கிலோமீட்டர்ப் பாதையில் ஆளுயரத்தை மிஞ்சும் டைனோசார் பொம்மைகளை நிறுத்தியிருக்கிறார்கள். பொம்மை யாரையும் நிறுத்துவதில்லை. அதனருகே நின்று படம் எடுப்பவர் நிறுத்துகிறார். கடலோரமாகவே கிழக்கே போனால் ஓடுதளத்தை ஒட்டி வெட்டவெளி வரும். தலைக்குமேல் விமானம் இறங்கும், எதிர்க்காற்று முகத்தில் அறையும், மனிதர் குறைவர். மணியைத் தொடாமல் கால் மணி நேரம் மிதித்தது என் அனுபவத்தில் அங்கே மட்டுந்தான்.

இரண்டாவது, ரயில் போன வழி. தஞ்சோங் பகாருக்கு வந்துகொண்டிருந்த மலாயா ரயில் 2011 சூன் 30ஆம் தேதியோடு நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தபின் வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பசுந்தடம் கிடைத்தது. பெயர் பெற்ற வழி, நிழலான வழி. ஆனால் பல இடங்களில் சரளை; மழைக்குப்பின் சேறு. என் டயரின் அகலம் 25 மில்லிமீட்டர். இங்கே நிறுத்துவது தரை. மேலும் விரிப்பின் பஞ்சர் ஒட்டிய கதைகளாக முடியும்.

மூன்றாவது, வெட்டிய நீர்வழி. 2011இல் திறந்த பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர், இருபுறமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், பாலம் பாலமாக வளைந்து போகும். அதன் கீழ்க்கோடியில் லோரோங் ஹாலுஸ், முன்னாளில் நகரத்துக் குப்பைமேடு, இந்நாளில் சதுப்புநிலப் பூங்கா; பக்கத்திலேயே கோனி தீவு. அத்தீவில் யாருக்கும் சொந்தமில்லாத காளை ஒன்று தன்னந்தனியாகத் திரிந்தது. கண்டால் பதற வேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். 2016இல் அது இறந்துபோயிற்று. அதன்பின் இவ்வகையில் நிறுத்துவோர் யாரென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வகையின் தலைவன் இறந்தாலும் வகை நிற்கும் என்பது நம் கொள்கை.

நான்காவது ஆற்றோர வழி. இதுவே இந்நூலின் நடுப்பகுதி. வாசகர் தேநீர் எடுத்து வந்து அமரலாம். காலாங் ஆறு நாட்டிலேயே நீளமானது. நீளம் 10 கிலோமீட்டர். காவிரிக்கரையில் பிறந்தவர் சிரிக்க வேண்டாம், இங்கே ஆற்றை அடியிலிருந்து முடிவரை காலை உணவுக்குமுன் மிதித்துத் தீர்க்கலாம், காவிரியில் அது நடக்குமா? லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, பீஷான்–அங் மோ கியோ பூங்காவைக் கடந்து, காலாங் படுகையில் சேருகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அப்படுகையும் கடலிலிருந்து பிரிந்து நன்னீராகிவிட்டது.

பீஷான் பூங்காவில் நடந்தது நம் துறைக்கு மிக முக்கியம். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு கான்கிரீட் தொட்டியில் நேராக ஓடிக்கொண்டிருந்தது. மழைநீரை முடிந்தவரை சீக்கிரம் கடலுக்குத் தள்ளுவதே அன்றைய நோக்கம். 2012இல் முடிந்த வேலையில் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, கல்லும் செடிவேரும் கரையைப் பிடித்துக்கொள்ளும்படி செய்து, ஆற்றை வளைத்து நெளித்து 3.2 கிலோமீட்டர் ஆக்கினார்கள். பெருமழையில் நீர் புல்வெளிமேல் பரவி நின்று மெல்ல வடியும். அதற்குமுன் அபாயச் சங்கு ஊதி மனிதரை மேடேற்றிவிடும். ஆற்றையே நிதானப்படுத்திய இடத்தில் சைக்கிளோட்டி எம்மாத்திரம்?

இங்கே நிறுத்துவோர் இருவர். ஒருவர் நீர்நாய். குடும்பமாக ஆற்றிலிருந்து ஏறி, பாதையில் உடம்பைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டு, நமக்கு முதுகு காட்டியபடி கடந்துபோகும். சங்கப் பாட்டில் வாளைமீன் தேடிய அதே நீர்நாய்தான். இங்கே திலாப்பியா தேடுகிறது. நகரில் சில வீடுகளின் அலங்காரக் குளத்தில் கோய் மீனும் தேடியது. வாளைக்கு விலை கேட்டு எந்தப் புலவனும் வழக்காடவில்லை. கோய் மீனுக்குச் சொந்தக்காரர் உண்டு.

மற்றவர், நடைபோகும் முதியவர். இவரை முன்னிட்டே மணி இலக்கணம் எழுகிறது. ஒரு சனிக்கிழமை அவ்வழியே போகையில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் முன்னே நடந்தார். தூரத்திலிருந்தே ஒருமுறை மெல்ல மணியடித்தேன். திரும்பினார்.

"எதுக்குத் தம்பி மணியடிக்கிறீங்க? நான் என்ன மாடா?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன். இரண்டு வளைவு தள்ளி இன்னொரு பெரியவர். பாடம் கற்றவனாக மணியைத் தொடாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஒதுங்கிக் கடந்தேன்.

"ஏன் தம்பி, மணி இருக்குல்ல? அடிச்சா என்ன?"

இரண்டும் ஒரே காலை, ஒரே கரை. மணி அடித்தலும் குற்றம், அடியாமையும் குற்றம் என்றாயிற்று. இம்முரணுக்கு ஆசிரியன் கண்ட அமைதி, பெரியவரைக் கண்டதும் சைக்கிளின் பின்சக்கரம் கடகடவென்று ஒலிக்கும்படி மிதிப்பதை நிறுத்திவிடுவது. சக்கரம் தானாகச் சுழல்கையில் எழும் அந்தக் கரகரப்பு அவரிடம் எதையும் கேட்பதில்லை, ஆனால் யாரோ வருகிறார் என்று சொல்லிவிடும். இருவகைப் பெரியவரும் இதை ஏற்றனர். ஏற்றது என்பது திட்டாமை.

ஐந்தாவது கால்வாயோர வழி. அழகில் கடைசி, அளவில் முதல். பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் தீவெங்கும் பின்னியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கால்வாயைப் பராமரிக்கவும் சாலையை ஒட்டியும் ஒதுக்கி வைத்த வெற்றுநிலத்தில் போட்டவை. நிலம் தங்கமாக விற்கும் ஊரில் வீடுகட்ட உதவாத அந்த நீளக்கீற்றைக் கண்டுபிடித்து மரம் வைத்துப் பாதையாக்கியது நல்ல கணக்கு. நீர் போகும் சரிவு மெல்லியதாகவே இருக்கும் என்பதால் கால்வாயோரம் எப்போதும் சமதரை, முட்டிக்கு உகந்தது. எளிமை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே பல காலம் எண்ணியிருந்தேன்.

ஆனால் கால்வாய் ஒரு பெருஞ்சாலையைச் சந்திக்குமிடத்தைப் பாருங்கள். நீர் தலையைக் குனிந்து சாலைக்கு அடியில் போய்விடுகிறது. பாதைக்கு அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. அது மேலேறி, வேலியோரம் திரும்பி, நூறு மீட்டர் தள்ளியிருக்கும் சமிக்ஞை விளக்குக்குப் போய், கடந்து, மறுபக்கம் அதே நூறு மீட்டர் திரும்பி வந்து தன் கால்வாயைத் தேடிப் பிடிக்கிறது. இடையில் அது நடைபாதையாகவும் ஆகிவிடும். இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம், நடைபாதையில் 10தான். நம் டயருக்கடியில் ஒரு சட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை எந்த அதிர்வும் அறிவிப்பதில்லை. மின்ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்து 2019 நவம்பரில் விலக்கிய பிறகு நிம்மதி கூடிற்று என்பர். அந்த நிம்மதிக்குள் இப்போது வேகமாகத் தெரிவது நாம்.

புறனடை: காலை ஆறு மணிக்குப் புறப்படுக என்று பிற நாட்டு நூல்கள் விதிக்கும். இங்கே அது இருட்டு. 1982இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும். சில நாள் அதற்கும் முன்பாகச் சுமத்ராவிலிருந்து காற்றுமழை வந்துவிடும். அன்று எல்லா வழிக்கும் ஒரே வகை, உணவங்காடி வகை; நிறுத்துவது புரோட்டா.

கால்வாய் வழியில் நிறுத்துவோர் யாரென்று சொல்லாமல் விட்டேன். அது விளக்கு. சென்ற மாதம் அப்படியொரு கடவையில் நின்றிருந்தேன். எட்டு வழிச் சாலை, பச்சை மனிதர் தோன்றி மறையும் நேரம் கொஞ்சம். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மாள். அவர் தம் மூத்தோர் அட்டையைக் கம்பத்திலிருந்த கருவியில் வைத்தார். அட்டை வைத்தால் கடக்கும் நேரத்தில் சில நொடிகள் கூட்டித் தருவார்கள். அறுபது நிறையாத எனக்கு அந்த அட்டை இல்லை. பச்சை வந்தது. அவர் முன்னே நடந்தார்; நான் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வேகத்துக்கு நடந்தேன். பாதியில் எண் ஓடத் தொடங்கியது. அவருக்காகக் கூட்டிய நொடிகளுக்குள்ளேயே நானும் கரையேறினேன்.