கேரியர் அப்பா

பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு மாலை அவரைப் பார்க்கலாம். ஐ.டி. வேலை, அரை டிரவுசர், நெஞ்சில் குழந்தை. குழந்தையைச் சுற்றிப் பேபி கேரியரின் வார், கொக்கி, வலை, ஜிப். இப்போதுதான் பாராசூட்டில் வந்து குதித்தவர் மாதிரி இருப்பார்.

மாட்டிக்கொள்வதே ஒரு சடங்கு. யூடியூபைப் பார்த்துக் கண்ணாடி முன் நின்று எல்லாவற்றையும் முடித்துவிடுவார். முதுகுப்பக்கக் கொக்கி மட்டும் எட்டாது. மனைவி குளிக்கப் போயிருந்தால் வாட்ச்மேன்தான் கதி. "மூச்சை இழுத்துப் புடிங்க சார்" என்று டக்கென்று மாட்டிவிடுவார்.

எம் ஷேப் என்றால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். குழந்தையின் முழங்கால் புட்டத்தைவிட உயர்ந்து, தொடை அகன்று இருக்க வேண்டும். இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது. முகவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சு தடைப்படும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். அத்தனையும் சரியான சங்கதிதான்.

"புள்ளைக்குப் புழுங்காதா மாப்ளே? இப்படிக் குடுங்க" என்று மாமியார் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். கால் இரண்டும் தானாக அகன்று அதே எம் ஷேப் வந்துவிடும். மாப்பிள்ளை அதைக் கவனிப்பதில்லை. கழுத்து வாரைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

சரித்திரமும் கைவசம் உண்டு. ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனதும், அங்கே தாய்மார்கள் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டியிருந்ததைப் பார்த்ததும், ஊர் திரும்பி 'ஸ்னக்லி' என்ற பையை உருவாக்கியதும். இதைப் பூக்காரம்மாவிடமே சொன்னார். அந்தம்மா பழைய புடவையில் பேரனைத் தோளோடு ஏணையாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் மல்லி தொடுத்துக்கொண்டிருந்தார். "அப்படியா சார்! எத்தனை முழம் தரட்டும்?"

ஓட்டலில்தான் பாவம். தட்டுக்கும் வாய்க்கும் நடுவே மகளின் தலை. சாம்பார் கூடாது, சட்னி கூடாது. ஆறிய இட்லி, கொஞ்சம் பொடி. அந்தப் பொடியும் பாதி உச்சந்தலையில். சோறூட்டும் விசேஷத்துக்குக் குருவாயூரில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்கு அது தலைவழியாக எப்போதோ ஆகிவிட்டது.

பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. தனியாக ஏ.டி.எம். வரிசையில் நிற்கும்போதும் இடமும் வலமுமாக ஆடுகிறார். பின்னால் நிற்பவருக்குக் கண் சொக்குகிறது.

ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபமில்லை. பெரியவர்கள் எதிரே பெற்ற பிள்ளையைத் தூக்கவே கூச்சப்பட்ட தாத்தாக்களின் பேரன் அவர். அவருக்குப் பத்தடி பின்னால் மனைவி கையை வீசிக்கொண்டு, சுண்டலைச் சூடாகத் தின்றபடி வருகிறார். அதற்காக டோகோ கதையை இன்னொரு தரம்கூடக் கேட்கலாம்.

இதெல்லாம் கொஞ்ச காலம் முன்புவரை. இப்போது மகள் நடக்கிறாள். கேரியரைக் கண்டாலே ஓடுகிறாள். போன வாரம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: "பேபி கேரியர் விற்பனைக்கு. சிங்கிள் ஓனர். எல்லாக் கொக்கியும் ஒரிஜினல். நேரில் மாட்டிக் காட்டப்படும். குழந்தையை நீங்களே கொண்டு வரவும்."