சோதனை எழுதாத தண்டையல்

நோர்வேயில் ஒரு சட்டம் இருக்கிறது. எட்டு மீற்றருக்கு மேல் நீளமோ, 25 குதிரைவலுவுக்கு மேல் எஞ்சினோ உள்ள உல்லாசப் படகை நடத்த வேண்டுமென்றால், 1980-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் சோதனை எழுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் கேட்கமாட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் சட்டப்படி படகு நடத்தத் தகுதியுள்ள ஒரே ஆள் என் மாமி. அவர் இன்றுவரை சைக்கிள்கூட ஓடியதில்லை. எங்கள் இரண்டு வயது மகளுக்கும் தகுதியில்லைத்தான். அதை அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

கீழ்வீட்டு நோர்வேக்காரரிடம் ஒரு பாய்ப்படகு உண்டு. கோடை பிறந்ததும் ஒஸ்லோ பியோர்ட்டில் ஓடிக்காட்ட எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு, வைக்கிங்குகள் கடலை ஆண்ட கதையையும் தொடங்கினார். மாமி கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

“தம்பி, இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி, எங்கட ஆக்களோட 1938-ல அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்ததெண்டு.”

சொன்னேன். அது மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மாமிக்கு மரியாதை செய்தார். அந்தக் கப்பலுக்கும் மாமிக்கும் உள்ள ஒரே தொடர்பு ஊர் மட்டும்தான், ஆடி அமாவாசைக்குக் கால் நனைத்ததற்கு மேல் மாமிக்கும் கடலுக்கும் பழக்கமில்லை என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எட்டு மீற்றருக்குக் குறைந்த படகென்றால் ஓடும்போது வெளியே இருப்பவர்கள் மிதவை அங்கி போட்டே ஆக வேண்டும். 2015-இலிருந்து அது சட்டம். நோர்வேக்காரரின் படகு அதைவிடப் பெரியது. ஆனாலும் பிள்ளை ஏறுகிற இடத்தில் யார் மீற்றர் பார்க்கிறார்கள்? மகளுக்கான அங்கியில் தலையைத் தாங்க ஒரு பெரிய கொலர், கால்களுக்கு இடையால் ஒரு பட்டி, முதுகுப் பக்கம் பெட்டி தூக்குவதுபோல் தூக்க ஒரு கைபிடி. அவள் கத்த, நான் வியர்க்க, மனைவி கால்களைப் பிடிக்க, ஒருமாதிரி கடைசிப் பட்டியும் பூட்டியாயிற்று.

“அப்பா, சூச்சூ.”

படகின் கழிப்பறையில் தண்ணீரைக் கைப்பம்பால் அடித்துத்தான் வெளியேற்ற வேண்டும். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சூச்சூ வந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அந்தப் பம்பு.

பாய் விரிந்ததும் படகு ஒருபக்கம் சாய்ந்தது. அடியில் கனமான இரும்பு இருக்கிறது, கவிழாது என்றார் அவர். மாமி நல்லூர்க் கந்தனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். “ஒரு கை உங்களுக்கு, ஒரு கை படகுக்கு” என்பது கடலோடிகளின் விதியாம். மாமியின் இரண்டு கையும் மீன் றோல்ஸ் பெட்டிக்கே போதவில்லை. மனைவி தவழ்ந்தாள். நான் இருந்த இடத்திலேயே அரக்கி அரக்கி நகர்ந்தேன். மகள் மட்டும் வீட்டில் நடப்பதைப்போலவே நடந்தாள். தரை ஆடுவது அவளுக்குப் புதிதல்ல; நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுடைய தரை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பாயின் கீழ்த்தடி பக்கம் மாறும்போது நாங்கள் மூவரும் அவசரமாகத் தலையைக் குனிந்தோம். அவளுக்குக் குனியும் தேவையே இல்லை. பெரியவர்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, தானும் ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகுதான் பால்போத்தல் கடலில் விழுந்தது. படகின் கம்பிவேலியில் பிள்ளைகளுக்காக வலை கட்டியிருந்தார்கள். அவள் வலைக்கு மேலால் எறிந்தாள்.

நோர்வேக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆள் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி எடுக்க நல்ல சந்தர்ப்பமாம். ஒருவர் கண்ணை எடுக்காமல், விழுந்த பொருளை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் படகைத் திருப்பி, பொருளுக்குக் கிட்ட வந்து, காற்றுக்கு எதிரே முகம் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னொருவர் கொக்கத்தடியோடு நிற்க வேண்டும். விரல் நீட்டும் வேலையை மாமி தானாகவே எடுத்துக்கொண்டார். பிழை எங்கே இருக்கிறதென்று காட்டுவதில் அவருக்குப் பயிற்சி தேவையில்லை. போத்தல் கொக்கியில் அகப்பட்டது. எல்லாரும் கைதட்டினோம்.

அங்கேதான் வினை. பொருளொன்று கடலில் விழுந்தால் பெரியவர்கள் எழும்பிக் கத்துவார்கள், படகு வட்டமடிக்கும், கடைசியில் கைதட்டலும் கிடைக்கும் என்று மகள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்துத் தொப்பி போனது. அதற்கடுத்து ஒரு சப்பாத்து.

ஹோவெடோயா தீவில் இறங்கிச் சாப்பிட்டோம். 1147-இல் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடு அங்கே இருக்கிறது. துறவிகள் என்பதால் அவர்கள் நிம்மதியாகப் படகேறி வந்திருப்பார்கள்.

திரும்பும்போது மகளுக்கு நித்திரை வந்தது. ஆனால் சாய்ந்த கட்டிலில் உருண்டுகொண்டே இருந்தாள். மாமி பையிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்தார். கபின் கூரையில் இருந்த இரண்டு கைபிடிகளையும் இழுத்துப் பார்த்தார். சேலையை இரண்டாய் மடித்து, இரண்டு தலைப்பிலும் முடிச்சைப் போட்டு, ஏணை கட்டிவிட்டார். படகு இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏணை மட்டும் நேர்நிமிர்ந்து தொங்கியது. முழுப்படகிலும் மட்டமாக இருந்த பொருள் அது ஒன்றுதான். பழைய கப்பல்களில் மாலுமிகள் நூற்றாண்டுக்கணக்காக இப்படித் தொங்கித்தான் தூங்கினார்கள் என்று நோர்வேக்காரர் வியந்தார். “பிள்ளை வளர்த்தவளுக்கு இதுவும் தெரியாதே?” என்றார் மாமி.

மனைவி ஏணைக்குக் காவலிருக்க, சுக்கான் தடி என் கைக்கு வந்தது. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். இது என் மூளைக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. படகு பியோர்ட் முழுக்கக் கோலம் போட்டது. தடியை மாமியிடம் கொடுத்துப் பார்த்தார் நோர்வேக்காரர். படகு நூல் பிடித்தமாதிரி நேரே போனது.

“எப்பிடி மாமி?”

“நான் ஒரு பக்கம் சொன்னால் நீங்கள் எல்லாரும் மற்றப் பக்கம்தானே போறனியள். இதென்ன புதுசே?”

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியிலிருந்து சாமான்கள் பறக்கத் தொடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் எறிந்துவிட்டு, வீடு ஏன் இன்னும் திரும்பவில்லை என்று மகள் கோபத்தோடு பார்க்கிறாள். கீழே ஓடி, நோர்வேக்காரரின் பூப்பாத்திக்குள் தேடுவது நான். மேலே நின்று, கண்ணெடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டிருப்பது மாமி.